விரிதாளிற் கருதுகோட் சோதனை: வவுணதீவு வயல்களை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

களத்திற் சென்று தரவு திரட்டி எழுதப்படும் ஆய்வேடுகளில், அவை சமூக விஞ்ஞானத்தைச் சார்ந்தனவாயினும் விவசாய விஞ்ஞானத்தைச் சார்ந்தனவாயினும், ‘தரவுப் பகுப்பாய்வு’ என்றோர் அத்தியாயம் இன்று தவறாது இடம்பெறுகின்றது. அதன் இறுதியில் ஒரு நிகழ்தகவுப் பெறுமானமும், அது 0.05 இலும் குறைந்ததா கூடியதா என்ற ஒரு வாக்கியமும், அவ்வாக்கியத்தின்மேல் எழுப்பப்பட்ட முடிபும் காணப்படும். அப்பெறுமானம் பல வேளைகளில் எக்செல் போன்றதொரு விரிதாளிலிருந்து எடுக்கப்பட்டதாகும். இதிற் குற்றங்காண்பதற்கு ஏதுமில்லை. ஆயின், அவ்வெண்ணைப் பெறுவதற்கு முன்னர் ஆய்வாளர் எவற்றைத் தீர்மானித்தார், அத்தீர்மானங்களுக்கு ஆதாரம் யாது என்பன சொல்லப்படாது போகும்போதே விமர்சனத்துக்கு இடமேற்படுகின்றது.

இவ்விடயத்தைப் பொதுப்பட நோக்குவதிலும், ஓரிடத்தை முன்வைத்து நோக்குதல் தெளிவு தரும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், வலையிறவுப் பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படுவது வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேசமென நிருவாகத்திலும், படுவான்கரை என மக்கள் வழக்கிலும் அறியப்படும் நிலப்பரப்பின் வாயில் அது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்தது எழுவான்கரை. ஞாயிறு எழும் கரையும் படும் கரையுமாக ஒரே மாவட்டம் இரண்டாகப் பகுக்கப்பட்டிருப்பதனால், ‘இரு கரைகளையும் ஒப்பிடுக’ என்ற எண்ணம் ஆய்வு மாணவர்க்கு இயல்பாகவே தோன்றும். படுவான்கரையில் வேளாண்மை என்றால் நெல்லே. பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. சிறுபோகம் உன்னிச்சைக் குளம் முதலிய நீர்நிலைகளை நம்பியது. விளைச்சல் எண்கள் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் பிரதேசத்தில் ‘ரி-சோதனை’ செய்து பார்க்கும் ஆவல் எழாதிருப்பின் அதுவே வியப்பு.

அச்சோதனையின் பிறப்பிடமும் ஒரு வகையில் வயலே என்பது மனங்கொள்ளத்தக்கது. டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிசாலையிற் பணிபுரிந்த வில்லியம் கொசெற் என்பார், வாற்கோதுமை போன்ற மூலப்பொருள்களைப் பற்றிய சில மாதிரிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருந்தது. சிறுமாதிரிகளின் இடைபற்றி 1908 இல் ‘ஸ்ரூடன்ற்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையே ரி-சோதனையின் தோற்றுவாய். 1919 இல் றொதாம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்திற் சேர்ந்த ரொனால்ட் பிஷர் அதனை விரிவாக்கி, 1925 இல் வெளிவந்த தம் நூலின் வழியே உயிரியலாளர் கைகளிற் சேர்ப்பித்தார். நிலத்தைத் துண்டுகளாக்கி, எத்துண்டுக்கு எவ்வுரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் முறையைப் பிஷர் வற்புறுத்தினார். எண்களைக் கூட்டிக் கழிப்பதற்கு முன்னர் வரம்பில் நின்று செய்யவேண்டிய வேலை அது.

விரிதாளின் பரம்பரை முற்றிலும் வேறு. டான் பிறிக்ளினும் பொப் பிராங்ஸ்ரனும் 1979 இல் வெளியிட்ட விசிகல்க், 1983 இன் லோற்றஸ் 1-2-3, 1985 இல் மக்கின்ரொஷ் கணினிக்கென வந்த எக்செல் ஆகிய யாவும் கணக்கேட்டின் வழித்தோன்றல்கள். நிரைகளும் நிரல்களும் கொண்ட ஏட்டில் ஓரெண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்கள் யாவும் தாமே மாறவேண்டும் என்பதே அவற்றின் தலையாய நோக்கம். கணக்கேட்டுக்கு வரவும் செலவும் தெரிந்தாற் போதும். எண் எந்த வயலிலிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. வயலிற் பிறந்த தருக்கம் கணக்கேட்டிற் குடியேறியபோது வயல்பற்றிய வினாக்கள் எங்கே போயின? அவை மறைந்துவிடவில்லை. சூத்திரத்தின் கடைசியிலே இரண்டு சிறிய இலக்கங்களாக ஒடுங்கிக் கிடக்கின்றன.

எக்செலின் ரி-சோதனைச் சார்பு நான்கு பொருள்களைக் கேட்கும். முதலிரண்டும் ஒப்பிடப்படும் இரு நிரல்கள். மூன்றாவது, சோதனை ஒருபக்கமானதா இருபக்கமானதா என்பதைக் காட்டும் 1 அல்லது 2. நான்காவது சோதனையின் வகை: சோடியானவையெனின் 1, சோடியற்று மாறற்றிறன் சமமெனக் கொள்ளப்படின் 2, சமமன்றெனின் 3. விடையாக ஒரேயொரு நிகழ்தகவுப் பெறுமானம் வரும், வேறெதுவும் வராது. நான்காம் இடத்தில் எதனை இட்டாலும் விரிதாள் ஏற்றுக்கொள்ளும், இரு நிரல்களும் சம நீளமானவையாயின்.

இதன் விளைவு எத்துணைப் பாரதூரமானது என்பதை ஓர் எடுத்துக்காட்டினாற் காணலாம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்கென அமைத்துக்கொள்ளப்பட்டவை. எந்த வட்டையிலும் அளந்து பெறப்பட்டவையல்ல. வவுணதீவில் எட்டுக் கமக்காரர் தம் வயலை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியிற் பழைய விதைநெல்லையும் மறுபாதியிற் புதியதையும் விதைத்தனரெனக் கொள்க. பழையது ஏக்கருக்கு 62, 48, 75, 55, 80, 43, 68, 57 புசல் தந்தது. புதியது, அதே வரிசையில், 66, 51, 77, 60, 83, 47, 71, 60 புசல் தந்தது. முன்னதன் இடை 61. பின்னதன் இடை 64.375. வேறுபாடு 3.375 புசல்.

நான்காம் இடத்தில் 2 என இட்டால் விரிதாள் தரும் பெறுமானம் ஏறத்தாழ 0.60. அதாவது புதிய விதைநெல்லால் எவ்வித பயனும் காணப்படவில்லை என்று ஆய்வேடு எழுதப்படும். அதே பதினாறு எண்களை வைத்துக்கொண்டு, 2 ஐ அழித்து 1 என இட்டால் பெறுமானம் 0.0000163 ஆகிவிடும். இப்பொழுது புதிய விதைநெல்லின் மேன்மை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டதென எழுதப்படும். ஓரிலக்கத்தின் மாற்றத்தால் ஆய்வின் முடிபு தலைகீழாகின்றது.

காரணம் எளிது. வயலுக்கு வயல் உள்ள வேறுபாடு மிகப் பெரிது: ஒருவர் நிலம் 43 புசல் தர, மற்றொருவர் நிலம் 80 தருகின்றது. இரு நிரல்களையும் தொடர்பற்றவையாகக் கொள்ளும்போது அப்பெரிய வேறுபாட்டின் இரைச்சலில் 3 புசலின் குரல் கேட்பதில்லை, ரி-பெறுமானம் 0.54 அளவிலேயே நின்றுவிடுகின்றது. சோடிகளாகக் கொள்ளும்போது ஒவ்வொரு வயலும் தன்னோடு தானே ஒப்பிடப்படுகின்றது. வேறுபாடுகள் 4, 3, 2, 5, 3, 4, 3, 3 என ஒருமுகமாக நிற்கின்றன, ரி-பெறுமானம் 10.42 ஆக உயர்கின்றது. இவ்விரண்டனுள் எது சரி? எண்களை எத்தனை முறை பார்த்தாலும் விடை கிடையாது. இரு துண்டுகளும் ஒரே வரம்புக்குள் இருந்தனவா, ஒரே கமக்காரர் ஒரே நாளில் விதைத்தாரா என்பதை அறிந்தவருக்கே அது தெரியும். எட்டு வேறு கமக்காரரிடம் பழையதும், வேறு எட்டுக் கமக்காரரிடம் புதியதும் இருந்து, தற்செயலாக அடுத்தடுத்து எழுதப்பட்ட எண்களாயின் 1 என இடுவது வெறும் பொய்யாகும்.

இன்னும் ஒன்றுண்டு. வயலுக்கு நீர் வரும் வக்கடை ஒரு பக்கத்தில் இருக்கும். அப்பக்கத்துத் துண்டிற் புதிய விதையையே எட்டுப் பேரும் விதைத்திருப்பின், அங்கு அளக்கப்பட்டது விதையின் சிறப்பன்று, நீரின் சிறப்பு. அந்நிலையில் 1 என்பதும் 2 என்பதும் ஒருங்கே பயனற்றவை. பிஷர் சீட்டுக் குலுக்கச் சொன்னது இதன் பொருட்டே. சீட்டுக் குலுக்கப்பட்டதா என்று கேட்பதற்கு விரிதாளில் எந்தவோர் இடமும் ஒதுக்கப்படவில்லை.

வெற்றுக்கலத்தின் பிரச்சினையும் இதனோடு ஒத்தது. 2011 சனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்திற் பெய்த பெருமழையும் வெள்ளமும் அறுவடையை எதிர்நோக்கி நின்ற பெரும்போக வேளாண்மையை அழித்ததைப் பலரும் அறிவர். அத்தகையதோர் ஆண்டில் பத்து வயல்களுள் ஒன்பது ஏக்கருக்கு 60 புசல் தர, ஒன்று முற்றாக நீரில் மூழ்கியதெனக் கொள்க. அந்தப் பத்தாவது கலத்தில் என்ன எழுதுவது? வெறுமனே விட்டால் அல்லது ஒரு கோட்டை இட்டால், விரிதாள் அதனை இல்லாததாகவே கருதி இடை 60 என்று சொல்லும். 0 என எழுதினால் 54 என்று சொல்லும். விளைச்சலின் ஆற்றலை அறிய விரும்புபவருக்கு முதலாவது பொருந்தலாம். கமக்காரரின் வருவாயை ஆராய்பவருக்கு இரண்டாவதே உண்மை. வெள்ளத்திற் பறிகொடுத்தவரை வெற்றுக்கலமாக விட்டுவிட்டுப் படுவான்கரையின் வறுமையைப்பற்றி எழுதும் ஆய்வு யாருடைய வறுமையைப்பற்றி எழுதுகின்றது? சோடிச் சோதனையில் இவ்விடர் இரட்டிக்கின்றது. எக்செலின் பழைய பதிப்புகளிற் பகுப்பாய்வுக் கருவித்தொகுதியின் சோடிச் சோதனை, ஒரு நிரலில் வெற்றுக்கலம் இருந்தாற் பிழையான விடையைத் தந்தமை பதிவாகியுள்ளது.

இனி இரு கரைகளின் ஒப்பீட்டுக்கு வருவோமாயின், விரிதாள் காட்டாது விடும் பிழைகளுள் மிகப் பெரியது அங்கேதான் ஒளிந்திருக்கின்றது. எழுவான்கரையில் ஒரு கிராமத்தில் முப்பது குடும்பங்கள், வவுணதீவுப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் முப்பது குடும்பங்கள் எனத் தரவு திரட்டப்படுகின்றது. அறுபது எண்கள் கிடைக்கின்றன. ரி-சோதனை ஒரு மிகச் சிறிய பெறுமானத்தைத் தருகின்றது. ‘இரு கரைகளும் வேறுபடுகின்றன’ என முடிபு கூறப்படுகின்றது. உண்மையில் ஒப்பிடப்பட்டவை அறுபது குடும்பங்களல்ல, இரண்டு கிராமங்கள். ஒரே குளத்து நீரைப் பகிர்ந்து, ஒரே வட்டவிதானையின் நீர்ப்பங்கீட்டுக்கு உட்பட்டு, ஒரே கடையில் உரம் வாங்குவோரின் விளைச்சல்கள் ஒன்றையொன்று சாராதவையெனக் கொள்ள இயலாது. எழுவான்கரையிலேயே இரு கிராமங்களை எடுத்திருப்பினும் இதேயளவு வேறுபாடு வந்திருக்கக்கூடும். ஸ்ருவேட் ஹேல்பேட் 1984 இல் சூழலியற் பரிசோதனைகளை ஆராய்ந்து ‘போலி மீள்செய்கை’ எனப் பெயரிட்டுக் கண்டித்தது இக்குறையையே. பல கிராமங்களைத் தெரிந்து, கிராமத்துக்கு ஓர் இடையைக் கண்டு, அவ்விடைகளை ஒப்பிடுவது ஓரளவு நேர்மையான வழி. அப்பொழுது எண்ணிக்கை அறுபதிலிருந்து பத்தாகக் குறையும். ஆய்வாளர் பலர் இதனை விரும்பார்.

கைவர்க்கச் சோதனையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. எதிர்பார்க்கும் மீடிறன்களை ஆய்வாளரே கணித்துக் கொடுக்கவேண்டுமென எக்செல் கேட்பது ஒருவகையில் நன்மையே; ஆயின் அவை ஐந்திலும் குறைந்திருப்பின் எச்சரிக்கை எதுவும் வராது. வினாக்கொத்தின் இருபது வினாக்களுக்கும் தனித்தனியே சோதனை செய்து, 0.05 இலும் குறைந்தவற்றை மாத்திரம் பொறுக்கியெடுக்கும் வழக்கமும் கண்டிக்கத்தக்கது. உண்மையில் எந்த வேறுபாடுமே இல்லாதபோதும், சாராத இருபது சோதனைகளுள் ஒன்றாயினும் ‘தேறுவதற்கு’ உள்ள நிகழ்தகவு ஏறத்தாழ 64 சதவீதம்.

இத்தகைய குறைகளைக் கண்டோருட் சிலர் விரிதாளையே விலக்கவேண்டுமென்பர். அவர்கள் பக்கத்திலும் நியாயமில்லாமலில்லை. 1999 இல் மக்கலொக், வில்சன் என்போர் எக்செல் 97 இன் புள்ளிவிபரவியற் செயன்முறைகளைச் சோதித்து, அவை போதியனவல்ல எனக் காட்டினர். பெரிய எண்களுக்கிடையேயுள்ள சிறிய வேறுபாடுகளின் மாறற்றிறனைக்கூட அது பிழையாகக் கணித்தது. அக்கணிப்பு முறை 2003 பதிப்பிலேயே திருத்தப்பட்டது. ‘3-5’ என எழுதப்படும் வயற்றுண்டின் இலக்கத்தைத் திகதியாக மாற்றிவிடும் வழக்கம் இன்றும் உண்டு. மரபணுக்களின் பெயர்கள் இவ்வாறு திகதிகளாக உருமாறியதைப் பொறுக்கவியலாது, 2020 இல் அப்பெயர்களுட் சில சருவதேச அளவிலேயே மாற்றப்பட்டன. மனிதர் செய்த விரிதாளுக்காக மனித மரபணுவே பெயர் மாற்றிக்கொண்டது! அதே ஆண்டில் இங்கிலாந்தில், 65,536 நிரைகளுக்குமேல் ஏற்காத பழைய கோப்பு வடிவத்தால் 15,841 கொவிட் நோயாளரின் பதிவுகள் உரிய நேரத்திற் சேராது போயின.

எனினும், இவற்றை வைத்து விரிதாளைத் தள்ளிவிடுவது அவசரத் தீர்ப்பாகும். கணிப்புப் பிழைகளுட் பெரும்பாலானவை திருத்தப்பட்டுவிட்டன. எட்டுச் சோடிகளுக்கான ரி-பெறுமானத்தை இன்றைய எக்செலும் சரி, விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒபிசும் சரி, பிழையின்றியே கணிக்கும். முன்னர் சுட்டிய குறைகள், அதாவது சோடியா அன்றா, வெற்றா பூச்சியமா, சார்புடையதா சாராததா என்பன, விலையுயர்ந்த எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளுக்கு மாறினாலும் மாறாதவை. அதுவும் கேட்பதில்லை. விரிதாளுக்கோ பிறவற்றுக்கு இல்லாத ஒரு சிறப்புண்டு: ஒவ்வோர் எண்ணும் கண்முன் நிற்கும். 2010 இற் பொருளியலாளர் ரைன்ஹாற்றும் றொகொவும் அரசாங்கக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி வெளியிட்ட கட்டுரையில், இடை காணும் சூத்திரத்தின் வீச்சு ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. 2013 இல் அதனைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவர் மசசூசெற்ஸ் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின் மாணவர். ஆசிரியர்கள் தம் விரிதாளை அவருக்கு அனுப்பியதனாலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. பிழை விரிதாளில் நிகழ்ந்தது, அகப்பட்டதும் விரிதாளிலேயே.

ஆகவே கண்டிக்கத்தக்கது கருவியன்று, அதனைக் கற்பிக்கும் முறை. ஆயத்தச் சார்பில் எண்களை இட்டு விடையை எடுக்கப் பழக்குவதற்கு முன்னர், வேறுபாடுகளுக்கு ஒரு நிரல், அவற்றின் இடைக்கு ஒரு கலம், நியமவிலகலுக்கு ஒரு கலம், அதனை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தாற் பிரிப்பதற்கு ஒரு கலம் என ரி-பெறுமானத்தை மாணவர் தாமே கட்டியெழுப்ப வேண்டும். மேற்காட்டிய எட்டு வயல்களுக்கு இதனைச் செய்ய அரைமணி நேரம் போதும். 0.916 என்ற நியமவிலகலைக் கண்ட மாணவர், வேறுபாடுகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதையும் காண்பார். ஆயத்தச் சார்பு அக்காட்சியை மறைத்துவிடுகின்றது. அதனோடமையாது, விடையை 1.63 என்றும், அதனையடுத்து ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் -05 உமாகவும் எழுதிக்காட்டுகின்றது. அதனை 1.63 எனவே படித்து, 0.05 இலும் பெரிதெனக் கருதி, கருதுகோளை நிராகரிக்காது விடுவோரும் உளர். நிகழ்தகவு ஒன்றிலும் பெரிதாக இருக்கவியலாது என்பது அவ்வேளையில் நினைவுக்கு வருவதில்லை.

தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டிற் சொல்லப்படவேண்டிய பிறிதொன்றும் உண்டு. சோதனையில் ‘தேறிய’ முடிபை இலங்கைத் தமிழ் வழக்கு ‘பொருண்மையுடையது’ என்கின்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘மிகைகாண் நிலை’ என்ற தொடர் வழங்குகின்றது. தமிழிற் பொருள் என்பது அர்த்தமுமாம், செல்வமுமாம். ஆதலால் ‘பொருண்மையுடைய வேறுபாடு’ என்று படிப்பவர், கமக்காரருக்குப் பயன்தரும் வேறுபாடு என்றே விளங்கிக்கொள்வர். சொல் அவ்வாறே இழுக்கின்றது. ஆனாற் சோதனை கூறுவது அதுவன்று. வேறுபாடு இல்லையெனக் கொண்டால் இத்தகைய எண்கள் வருவது அரிது என்பதை மட்டுமே அது கூறுகின்றது. அரிதெனக் காண்பதற்கு ‘மிகைகாண்’ என்ற தொடர், கரடுமுரடாயினும், உண்மைக்குச் சற்று அண்மையானது.

எடுத்துக்காட்டில் வந்த 3.375 புசல் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 கிலோ நெல்லாகும். புதிய விதையின் விலையும், அதற்கு மேலதிகமாக வேண்டிய உரமும் எழுபது கிலோ நெல்லின் விலையை விழுங்கிவிடுமாயின், 0.0000163 என்ற பெறுமானம் அக்கமக்காரருக்கு ஒரு காசும் ஈட்டித் தராது. மறுதலையாக, 2 என்ற பிழையான இலக்கத்தால் ‘பயனில்லை’ என எழுதப்பட்ட ஆய்வேட்டை நம்பி விவசாய விரிவாக்க அலுவலர் அவ்விதையைக் கைவிடின், பத்து ஏக்கர் செய்யும் ஒருவர் போகத்துக்கு எழுநூறு கிலோ நெல்லை இழப்பார். களத்தில் நெல் அளக்கும்போது முதலளவையை ‘ஒன்று’ என்னாது ‘இலாபம்’ என்று தொடங்கும் வழக்கம் தமிழரிடையே உண்டு. அவ்வாறு அளந்த நெல்லின் கணக்கை, வெயிலில் நின்று, முன்பின் அறியாத மாணவருக்குச் சொன்னவர் அக்கமக்காரர்.

இவ்வேடுகளைப் பரிசீலிக்கும் விரிவுரையாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் புதிய செலவெதுவும் வேண்டியதில்லை. விரிதாட் கோப்பு ஆய்வேட்டுடன் இணைக்கப்படவேண்டும் என்ற நிபந்தனையே அது. ஒவ்வொரு நிரையிலும் விளைச்சலோடு, வயல் எந்த வட்டையைச் சேர்ந்தது, எக்கிராமத்தது, எந்தப் போகத்தது, துண்டு வக்கடைப் பக்கத்ததா மறுபக்கத்ததா, வெற்றுக்கலமாயின் ஏன் வெற்று என்பனவும் தனித்தனி நிரல்களிற் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நான்காம் இடத்தில் இடப்பட்ட இலக்கத்துக்குரிய காரணம் ஆய்வேட்டிலேயே, அந்தப் பெறுமானத்துக்கு முன்னர், ஒரு வாக்கியத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.